எழுத்து வரும் முன்பே கேட்கும் அறிகுறிகள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

சென்னையில் வாசிக்கத் திணறும் பிள்ளைகளோடு வேலை செய்யும் சிறப்பாசிரியர் நான். பெற்றோர் பலர் பிள்ளையை எங்களிடம் கூட்டி வருவது நான்காம், ஐந்தாம் வகுப்பில்தான். அதற்குள் 'சோம்பேறி', 'கவனமே இல்லை' என்று கேட்டுக் கேட்டு, பிள்ளையே அதை நம்பியிருக்கும். டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாட்டின் அறிகுறிகளோ யுகேஜியிலேயே தென்பட ஆரம்பித்துவிடும்.

பலரும் நினைப்பதுபோல இது கண் கோளாறு அல்ல. பெரும்பாலும் சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைப் பிரித்துப் பிடிப்பதில்தான் சிக்கல். அதனால் எழுத்தே படிக்காத பிள்ளையிடமும் கவனிக்கலாம். 'பட்டம்' என்பதில் 'ப'வை எடுத்துவிட்டு 'வ' போட்டால் என்ன வரும் என்று விளையாட்டாகக் கேளுங்கள். பழகிய பிள்ளை 'வட்டம்' என்று சொல்லிவிட்டு, 'சட்டம், கட்டம்' என்று தானே அடுக்கும். சில பிள்ளைகளுக்கு எத்தனை நாள் விளையாடினாலும் பிடிபடாது. பேச்சு தாமதமாக வந்திருப்பது, கிழமைகளை வரிசையாகச் சொல்லத் தடுமாறுவது, தெரிந்த பொருளின் பெயரே வாயில் வராமல் 'அது... அது...' என்பது, அப்பாவுக்கோ அத்தைக்கோ சின்ன வயதில் இதே சிரமம் இருந்தது, இப்படிச் சிலது சேர்ந்து வந்தால் அசட்டையாக விடாதீர்கள்.

காசிமேட்டுப் பக்கம் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன். கூடையைப் பார்த்தே வஞ்சிரம், சங்கரா, காரப்பொடி என்று பிரித்துச் சொல்வான். 350 ரூபாய் மீனுக்கு 500 கொடுத்தால் மீதியை உடனே சொல்வான். அவன் நோட்டில் ஒரே பக்கத்தில் 'பள்ளி' மூன்று விதமாக இருந்தது: பளி, பல்லி, பளிள். 'பட்டம்' என்று சொன்னால் 'படம்' என்று எழுதியிருந்தான். கொம்பு வந்தால் நின்றுவிடுவான். 'கெ'யில் கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. 'கொ'வில் இரண்டு பக்கமும் குறி. மற்ற பிள்ளைகள் போகிறபோக்கில் கடந்துவிடும் இந்த இடம் அவனுக்குப் பெரிய மலை.

ல, ள, ழ குழப்பத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள், அது பெரியவர்களுக்கே உண்டு. ஆறு வயதில் எழுத்தைத் திருப்பிப் போடுவதும் சகஜம்தான். ஆங்கிலத்தில் மட்டும் திணறினால், வீட்டில் அந்த மொழி புழங்காததுகூடக் காரணமாக இருக்கலாம். இரண்டு மொழியிலும், இரண்டாம் வகுப்பு தாண்டியும் திணறினால் பார்த்தே ஆக வேண்டும். பாடத்தைக் கடகடவென்று ஒப்பிக்கும் பிள்ளையிடம், நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள். சில பிள்ளைகள் படத்தைப் பார்த்து மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருக்கும்.

1896இல் இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர், வாசிக்க வராத 14 வயதுப் பையனைப் பற்றி எழுதினார். பாடமெல்லாம் வாய்மொழியாக இருந்தால் இவன்தான் பள்ளியிலேயே கெட்டிக்காரன் என்றாராம் அவன் ஆசிரியர். இன்றும் ஆசிரியர்கள் என்னிடம் கிட்டத்தட்ட இதையே சொல்கிறார்கள்.

சரி, சந்தேகம் வந்தால்? முதலில் கண்ணையும் காதையும் சோதித்துவிடுங்கள். முறையான மதிப்பீடு பெரும்பாலும் ஏழெட்டு வயதில்தான் நடக்கும், ஆனால் உதவி அதுவரை காத்திருக்கக் கூடாது. பத்து முறை இம்போசிஷன் எழுத வைப்பதால் பயனில்லை. ஒலியையும் எழுத்தையும் ஒவ்வொன்றாக இணைத்து, வாயால் சொல்லி, மணலில் விரலால் எழுதி, நிதானமாகக் கற்றுத்தர வேண்டும். இதற்கு ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் நம் ஊரிலேயே இருக்கிறது. ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: இந்தப் பிள்ளையை வகுப்பு முன்னால் திடீரென்று எழுப்பி வாசிக்கச் சொல்லாதீர்கள். எந்தப் பத்தி என்று முதல் நாளே சொல்லி அனுப்புங்கள்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாட்டையும் சேர்த்திருக்கிறது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் உண்டு. அதற்குச் சான்றிதழ் வேண்டும். பத்தாம் வகுப்பு அரையாண்டு முடிந்து அலையாமல், ஒன்பதாம் வகுப்பிலேயே தலைமையாசிரியரிடம் பேசிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.