சென்சஸில் எங்கள் ஊர் பெயர் ஏன் இல்லை?

அடுத்த கேள்வி, ஒரு தங்கச்சி அனுப்பியிருக்கிறார். "எங்கள் ஊரில் மொத்தமே அறுபது வீடுதான். 2011 சென்சஸில் தேடினால் எங்கள் ஊர் பெயரே வரவில்லை. பக்கத்து ஊர் பெயரில் 2,000 பேர், 900 ஹெக்டேர் என்று இருக்கிறது. அப்போ நாங்கள் கணக்கிலேயே இல்லையா?"

இருக்கிறீர்கள் தங்கச்சி. அந்த 2,000 பேருக்குள்தான் உங்கள் அறுபது வீடும் இருக்கிறது. நமக்கு ஊர் என்றால் நாலு தெரு, ஒரு கோயில், ஒரு ஊருணி. சென்சஸுக்குக் கிராமம் என்றால் வருவாய் கிராமம். சர்வே எண் போட்டு, எல்லை வகுத்து வைத்த நிலப்பரப்பு அது. அதற்குள் எத்தனை குடியிருப்பு இருந்தாலும் பெயர் ஒன்றுதான், அநேகமாகத் தாய்க் கிராமத்தின் பெயர். சந்தேகம் இருந்தால் வீட்டில் இருக்கிற பட்டாவை எடுத்துப் பாருங்கள். மேலேயே மாவட்டம், வட்டம், வருவாய் கிராமம் என்று போட்டிருக்கும். அந்தப் பெயரில்தான் சென்சஸில் தேட வேண்டும்.

நம் மாநிலத்தில் குக்கிராமங்கள் 79,000-க்கு மேல் இருக்கின்றன. 2011 சென்சஸில் வந்த கிராமங்களோ ஏறக்குறைய 16,000தான். அப்படியென்றால் பெரும்பாலான ஊர்களுக்கு இதே கதைதான். எங்கள் ஊரும் அதில் ஒன்று, அதனால் உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. இன்னொன்று, அந்த 16,000-த்தில் 900-க்கு மேற்பட்டவை ஆளே குடியில்லாத கிராமங்கள். நிலம் இருக்கிறது, எல்லை இருக்கிறது, பெயரும் இருக்கிறது, வீடு மட்டும் இல்லை. அறுபது வீடு இருக்கிற ஊருக்குப் பெயர் இல்லை!

அப்புறம் அந்த 900 ஹெக்டேர். நஞ்சை, புஞ்சை, கண்மாய், மந்தை, சுடுகாடு, ரோடு எல்லாம் சேர்ந்த பரப்பு அது. அதை ஆள்தொகையோடு வகுத்து 'எங்கள் ஊரில் நெருக்கடி இல்லை' என்று சொல்லிவிட முடியாது. வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டித்தான் இருக்கும்.

வேறு மாநிலத்தோடு ஒப்பிடும்போதும் கவனம் வேண்டும். கேரளாவில் 2011-இல் மொத்தமே 1,018 கிராமங்கள், ஒவ்வொன்றிலும் சராசரியாக 17,000 பேர். இமாச்சலப் பிரதேசத்தில் ஒரு கிராமத்துக்கு முன்னூற்றுச் சொச்சம் பேர்தான். கிராமம் என்ற சொல் ஒன்று, அளவு அவ்வளவு வேறு.

சரி, உங்கள் ஊருக்கு மட்டும் தனிக் கணக்கு வேண்டுமா? ஊராட்சிச் செயலரிடம் வீட்டு வரிப் பதிவேடு இருக்கும். அங்கன்வாடி அக்காவிடம் குடும்பக் கணக்கெடுப்புப் பதிவேடு இருக்கும். யார் வீட்டில் எத்தனை பேர் என்று அதிலேயே தெரிந்துவிடும், முதலில் அவரைப் போய்ப் பாருங்கள்.