தானியத்துக்கு ஒரு கோட்டை

அவையோர் அனைவருக்கும் வணக்கம். கோட்டை என்றதும் ராஜா கதை கேட்கலாம் என்று வந்தவர்கள் கொஞ்சம் ஏமாறத்தான் போகிறீர்கள். நான் சொல்லப்போகும் கோட்டையை ராஜா யாரும் கட்டவில்லை. உள்ளே அரண்மனையோ அந்தப்புரமோ கிடையாது. தானியமும் ஒயின் பீப்பாய்களும்தான் இருந்தன.

இத்தாலியின் வடமேற்கில், ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் பியட்மாண்ட் என்ற பகுதி இருக்கிறது. அங்கே பியெல்லா நகரத்துக்குப் பக்கத்தில் கந்தேலோ என்று ஒரு சிற்றூர். அந்த ஊர்க் கோட்டையை ‘ரிச்செத்தோ’ என்பார்கள். அடைக்கலம் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். பியட்மாண்டில் இப்படிப் பல ஊர்களில் ரிச்செத்தோக்கள் இருந்தன. பெரும்பாலானவை சிதைந்துவிட்டன. கந்தேலோவில் இருப்பதுதான் கிட்டத்தட்ட முழுசாக நிற்கிறது.

13ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஊரார் சேர்ந்து இதைக் கட்டினார்கள். ஏன் கட்டினார்கள்? அன்றைய நிலவரம் அப்படி. பக்கத்து வெர்ச்செல்லி நகரத்தில் அவகாத்ரோ குடும்பம் போப்பின் கட்சி, திட்சோனி குடும்பம் பேரரசரின் கட்சி. இரண்டும் அடித்துக்கொண்டே இருந்தன. 1306இல் தோல்ச்சீனோ என்ற கலகத் துறவி தன் கூட்டத்தோடு பியெல்லா மலைகளில் போய் உட்கார்ந்துகொண்டார். மேலே சாப்பாடு இல்லை. கீழே ஊர்களில் இறங்கிக் கொள்ளையடித்தார்கள். மறுவருடம் அவரைப் பிடித்து எரித்துக் கொன்றார்கள் என்பது வேறு கதை. எந்தக் கட்சிப் படை வந்தாலும் பசியோடுதான் வரும். அதுதான் உழவனுக்குப் பிரச்சினை.

வீடு எரிந்தால் மறுபடி கட்டிக்கொள்ளலாம். விதைத் தானியம் போய்விட்டால்? அடுத்த வருடமும் சேர்ந்தே போய்விடும். அதனால்தான் இந்த ஊர்க்காரர்கள் தாங்கள் குடியிருந்த வீடுகளைச் சுற்றி மதில் எழுப்பவில்லை. விளைச்சலைச் சுற்றி எழுப்பினார்கள். ஆபத்து வந்தால் மட்டும் மனிதர்களும் உள்ளே ஓடிவந்து கதவைச் சாத்திக்கொள்வார்கள். மற்ற நாளில் அது ஊரின் களஞ்சியம்.

மதிலுக்கு என்ன கல் தெரியுமா? ஆற்றுப் படுகையில் உருண்டு கிடக்கும் கூழாங்கற்கள்! ஒரு வரிசையை இந்தப் பக்கம் சாய்த்து, அடுத்த வரிசையை அந்தப் பக்கம் சாய்த்து, மீன்முள் மாதிரி அடுக்கியிருக்கிறார்கள். சுற்றளவு சுமார் 470 மீட்டர். பரப்பு ஏறக்குறைய 13,000 சதுர மீட்டர், அதாவது மூன்று ஏக்கருக்குச் சற்று மேல். மூலைகளில் வட்டக் கோபுரங்கள், வாசலில் ஒரு சதுரக் கோபுரம். உள்ளே ‘ரூவே’ எனப்படும் குறுகிய தெருக்கள். அவற்றின் இருபுறமும் ஒட்டி ஒட்டிச் சுமார் 200 அறைக் கட்டடங்கள்.

இந்த அறைகளைப் பற்றித்தான் எனக்கு விரிவாகப் பேச ஆசை. ஒவ்வொன்றும் கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை. இரண்டுக்கும் நடுவே உள்படி கிடையாது. ஒயினுக்குக் குளிர்ச்சியும் ஈரமும் வேண்டும். அதனால் கீழறைக்கு வெறும் மண் தரை. தானியத்துக்கு ஈரம் ஆகாது; அது மேலறையில். மேலே போக வேண்டுமா? தெருவில் ஏணியைச் சாத்தி, ‘லோபியா’ என்ற மரத் திண்ணையில் ஏறி, அதற்கென்று இருக்கும் தனிக் கதவைத் திறக்க வேண்டும். முதுகுப்புறத்தில் இரண்டு வரிசைக் கட்டடங்களுக்கு நடுவே ஆள் நுழையச் சிரமப்படும் ஒரு சந்து. கூரைத் தண்ணீர் அதில் விழுந்து வெளியே ஓடிவிடும், சுவரை நனைக்காது. கட்டடக் கலைஞர் பெயர் எதுவும் இதன்மேல் இல்லை. பூசணத்தோடு போராடிப் பழகிய கைகள் போட்ட திட்டம் இது.

சரி, ராஜா இல்லை என்றேன். பிரபு வந்து சேர்ந்தார். 1374இல் ஊர் சவாய் அரச குடும்பத்தின் கீழ் போனது. 1496இல் செபாஸ்தியானோ ஃபெரேரோ என்பவர் ஊருக்குப் பிரபு ஆனார். அவருக்கும் ஊராருக்கும் ஒத்துப்போகவில்லை. கோட்டைக்குள்ளேயே சில அறைகளை வளைத்து, மற்ற கூரைகளுக்கெல்லாம் மேலே தெரிகிற மாதிரி உயரமாக ஒரு வீடு எழுப்பினார். இன்றும் அதைப் ‘பிரபுவின் வீடு’ என்றே சொல்கிறார்கள். தானிய மூட்டைகளுக்கு நடுவே போய் மாளிகை கட்டிக்கொண்ட மனிதரை என்னவென்று சொல்வது!

இன்னொரு வேடிக்கை. 1884இல் டூரின் நகரத்தில் பெரிய கண்காட்சி நடந்தது. அதற்காகப் போ ஆற்றங்கரையில் ஒரு போலி இடைக்கால ஊரையே கட்டினார்கள். அதன் நுழைவாயில் ஒலியானிக்கோ என்ற ஊரின் ரிச்செத்தோ வாசலைப் பார்த்துக் கட்டியது. அங்கே நகல் எடுத்துக்கொண்டிருந்த காலத்திலும் கந்தேலோக்காரர்கள் அசல் கோட்டைக்குள் ஒயின் பீப்பாய் உருட்டிக்கொண்டிருந்தார்கள். அது தப்பித்ததே அதனால்தான் என்பது என் கணக்கு. குடியிருந்திருந்தால் பெரிய ஜன்னல் வைத்திருப்பார்கள், மாடி எடுத்திருப்பார்கள், இடித்துப் புதிதாகவும் கட்டியிருப்பார்கள். ஒயின் பீப்பாய்க்கு ஜன்னல் எதற்கு?

கொஞ்சம் படங்கள் கொண்டு வந்திருக்கிறேன். தம்பி, அந்த விளக்கை அணைத்துவிடுங்கள். முதல் படத்தில் மதிலை அப்புறம் பார்க்கலாம். தெருவின் இடது பக்கம், மேலே அந்தரத்தில் நிற்கிற மாதிரி ஒரு கதவு தெரிகிறதா? அதுதான் தானிய அறைக் கதவு.