ஊமைச் சுவர்க்கோழி

எல்லோருக்கும் வணக்கம். உள்ளே வரும்போதே ஒருவர் மடக்கிவிட்டார், "ஒரு பூச்சியைப் பற்றி இவ்வளவு நேரம் பேச என்ன சார் இருக்கு?" என்று. பேசிப் பார்க்கலாம்.

சுவர்க்கோழி என்றாலே நமக்குச் சத்தம்தான். பீரோவுக்குப் பின்னால் உட்கார்ந்து ராத்திரி முழுக்க உயிரை வாங்கும், விளக்கைப் போட்டதும் கப்சிப். இறக்கையோடு இறக்கையை உரசித்தான் கத்துகிறது, அதைக் கேட்கும் காது முன்னங்காலில் இருக்கிறது. இப்போது அந்த இறக்கையைக் கழற்றிவிடுங்கள், காதையும் எடுத்துவிடுங்கள், முதுகைக் கூனாக்கி, பின்னங்காலை இழுத்து நீட்டி, உடம்பைவிட நீளமாக இரண்டு உணர்கொம்புகளை வையுங்கள். குகைச் சுவர்க்கோழி தயார். ஊமை, செவிடு. கூனைப் பார்த்து அமெரிக்காவில் ஒட்டகச் சுவர்க்கோழி என்பார்கள்.

பேரில்தான் சுவர்க்கோழி, உறவில் ரொம்பத் தூரம். ராஃபிடோஃபோரிடே என்று தனிக் குடும்பம், 800-க்கும் மேற்பட்ட இனங்கள். மண்ணைத் தோண்டும் நம் பிள்ளைப்பூச்சிகூடச் சுவர்க்கோழிக்கு நெருங்கிய சொந்தம். இதுவோ இலை மாதிரியே பச்சையாக இருக்குமே நீளக்கொம்பு வெட்டுக்கிளி, அந்தப் பக்கத்து ஆள். எப்படிச் சொல்கிறார்கள்? பூதக்கண்ணாடியை வைத்துப் பாதத்தில் எத்தனை கணு என்று எண்ணுங்கள். சுவர்க்கோழிக்கு மூன்று. இதற்கு நான்கு, அதுவும் இரண்டு பக்கமும் அமுக்கிவிட்ட மாதிரி தட்டையாக. பெண்பூச்சியின் முட்டையிடும் குழலும் சுவர்க்கோழிக்கு ஊசி போல, இதற்கு வாள் போல.

இந்தக் கணக்கு தெரியாவிட்டால் சத்தீஸ்கரில் ஏமாந்துபோவோம். பஸ்தர் காட்டில் கோட்டம்சர் குகைக்குள் கெம்பியோலா சங்கரி என்று ஒரு பூச்சி உண்டு; நீளக் கொம்பு, நீளக் கால், யார் பார்த்தாலும் குகைச் சுவர்க்கோழி என்றுதான் சொல்வார்கள். பாதத்தைப் பார்த்தால் மூன்றே கணு! அது அசல் சுவர்க்கோழிக் கூட்டத்தில் ஒன்று. இருட்டில் தடவித் தடவிப் பிழைக்க வேண்டுமென்றால் யாராக இருந்தாலும் கொம்பும் காலும் நீண்டுதான் தீரும் போல, அதனால் எங்கே வாழ்கிறது என்பதை வைத்து உறவு சொல்ல முடியாது. நியூசிலாந்திலும் இதே குழப்பம்: வேட்டா என்ற ஒரே பேரில் இரண்டு குடும்பங்கள் உலவுகின்றன, கையளவு இருக்கும் ராட்சத வேட்டா வேறு, குகை வேட்டா வேறு; இரண்டாவதுதான் நம் குகைச் சுவர்க்கோழிக் குடும்பம். அந்தக் குகை வேட்டாவின் பங்காளிகள் தாஸ்மேனியாவிலும் சிலியிலும் தென்னாப்பிரிக்காவின் டேபிள் மலைக் குகைகளிலும் இருக்கிறார்கள். இறக்கை இல்லாத பூச்சி கடல் தாண்டிப் போயிருக்குமா? அந்த நிலங்களெல்லாம் கோண்டுவானா என்ற ஒரே பெருங்கண்டமாக ஒட்டியிருந்த காலத்துச் சொந்தம் அது.

குகைப் பூச்சி என்கிறோமே தவிர, எல்லாம் குகையிலேயே அடைந்து கிடப்பதில்லை. அமெரிக்காவின் கென்டக்கியில் மாமத் குகை, இதுவரை அளந்ததே 680 கிலோமீட்டருக்கு மேல். அங்கே ஹேடினீக்கஸ் சப்டெரேனியஸ் என்ற குகைச் சுவர்க்கோழி இரவில் வெளியே போய், கிட்டத்தட்டத் தன் எடைக்கு ஒரே மூச்சில் தின்றுவிட்டு உள்ளே வந்து கூரையில் தொங்கிக்கொண்டு நாள்கணக்கில் செரிக்கும். நம்ம ஊர் கல்யாணப் பந்தியில் இப்படிச் சிலரைப் பார்த்திருக்கிறேன், சரி, விடுங்கள். வெயிலே படாத இடம், பச்சை எதுவும் முளைக்காது. இதன் எச்சத்தை நம்பித்தான் கீழே பல சின்ன உயிர்கள் பிழைக்கின்றன. மணலுக்குள் இது முட்டையிட்டுவிட்டுப் போனால், நியாஃபீனாப்ஸ் என்ற வண்டு வந்து தோண்டித் தின்கிறது. அந்த வண்டுக்கு அதுதான் முக்கியச் சாப்பாடே.

இன்னொன்று குகையையே விட்டுவிட்டது. கிழக்காசியாவைச் சேர்ந்தது, ஆனால் 1902-இல் இதற்குப் பெயர் சூட்டியபோது கையில் இருந்த மாதிரிகள் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் கண்ணாடிச் செடிவீட்டில் பிடித்தவை. தொட்டிச் செடியோடு ஊர் ஊராகப் போயிருக்கிறது. 2014-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தார் பொதுமக்களிடம் "உங்கள் வீட்டில் இருப்பதைப் படம் எடுத்து அனுப்புங்கள்" என்று கேட்டுப் பார்த்தால், அமெரிக்க வீடுகளின் நிலவறைகளில் உள்ளூர்ப் பூச்சியைவிட இந்த ஆசியக்காரர்தான் அதிகம்!

கடைசியாக, பிரான்சின் த்ரவா ஃப்ரேர் குகையில் கிடைத்த ஓர் எலும்புத் துண்டு. காட்டெருமை எலும்பு, சுமார் 14,000 ஆண்டுப் பழசு. அதில் யாரோ கல்முனையால் கீறி ஒரு பூச்சியை வரைந்திருக்கிறார்கள். இறக்கை இல்லை, கூன் முதுகு. குகைச் சுவர்க்கோழிதான், அதிலும் ட்ரோக்ளோஃபிலஸ் என்று பேரினம் வரைக்கும் சொல்ல முடிகிற அளவுக்குக் கச்சிதம்.