கடைமடையிலிருந்து ஒரு கோட்பாடு

(ஆய்வு மாணவர்களுக்கான பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

ஆய்வு மாணவர்களுக்கும் அவர்களை வழிநடத்தும் நெறியாளர்களுக்கும் வணக்கம்.

சமூக அறிவியல் ஆய்வேடுகளை மதிப்பிடும் வேலையை நெடுங்காலமாகச் செய்துவருகிறேன். ஓர் ஆய்வேடு கைக்கு வந்ததும் இரண்டாம் அத்தியாயத்துக்குப் போவேன். 'கோட்பாட்டுச் சட்டகம்' என்ற தலைப்பின் கீழ் யார் யார் பெயர் வருகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்வேன். அப்புறம் கடைசி அத்தியாயத்தைத் திறந்து, அந்தப் பெயர்கள் அங்கே என்ன ஆயின என்று தேடுவேன். பெரும்பாலும் ஒன்றுகூட இருக்காது. அந்த மாணவர் மாதக்கணக்கில் வெயிலில் அலைந்திருப்பார், வீடு வீடாக உட்கார்ந்து பேசியிருப்பார். களக்குறிப்புகள் அருமையாக இருக்கும். ஆனால் கோட்பாடு ஒரு பக்கம் கிடக்கும், களம் ஒரு பக்கம் கிடக்கும்.

இதை மாணவர்களின் குறையாக நான் பார்க்கவில்லை. கோட்பாடு என்பது யாரோ எங்கோ செய்து முடித்துவிட்டது, அதை எடுத்து நம் தரவின் மேல் பொருத்தினால் போதும் என்றுதான் நாங்கள் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். அதை எப்படிச் செய்தார்கள் என்று காட்டவே இல்லை. அதனால் இன்று பல கோட்பாடுகளைப் பற்றிப் பேசப்போவதில்லை. மேய்ச்சல் நிலம், நீர், மீன் போன்ற பொதுவளங்களை மக்களே சேர்ந்து காப்பது பற்றிய ஒரே ஒரு கோட்பாடு எப்படி உருவானது, நடுவில் எங்கே முட்டி நின்றது, எப்படித் திரும்பியது என்று மட்டும் பார்ப்போம்.

அந்தக் கோட்பாட்டைக் கட்டிய எலினோர் ஆஸ்ட்ரோம் 1933இல் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தவர். பொருளியலில் முனைவர் பட்டம் படிக்க விரும்பினார். கணிதப் பயிற்சி போதாது என்று அந்த வழி அடைபட்டது. அரசியல் அறிவியலுக்குப் போனார். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்தான்.

1965இல் முடித்த அவருடைய முனைவர் பட்ட ஆய்வு தெற்குக் கலிபோர்னியாவின் நிலத்தடி நீரைப் பற்றியது. கடலோரப் படுகை ஒன்றில் நகராட்சிகள், தொழிற்சாலைகள், தனியார் என்று எல்லோரும் போட்டி போட்டுக்கொண்டு நீரை இறைத்தார்கள். நீர்மட்டம் இறங்க இறங்கக் கடல்நீர் உள்ளே புகுந்தது. மீஞ்சூர்ப் பக்கத்து மக்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. ஆனால் அந்தப் படுகையில் இறைத்தவர்கள் கூடிப் பேசினார்கள், நீதிமன்றம் போனார்கள், இறைக்கும் அளவுக்கு வரம்பு வைக்க ஒப்புக்கொண்டார்கள், கடலோரமாக நல்ல நீரைப் பூமிக்குள் செலுத்தி உப்புநீரைத் தடுத்து நிறுத்தினார்கள். ஆஸ்ட்ரோம் இதையெல்லாம் கிட்ட இருந்து பார்த்து எழுதினார்.

மூன்று ஆண்டு கழித்து, 1968இல், காரெட் ஹார்டின் என்ற உயிரியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். பொது மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவரும் இன்னும் ஒரு மாட்டைக் கூடுதலாக விடுவார்கள். லாபம் அவருக்கு, நட்டம் ஊருக்கு. எல்லோரும் அப்படியே செய்வதால் நிலம் அழியும். ஆகவே ஒன்று தனியுடைமை ஆக்க வேண்டும், அல்லது அரசு கட்டுப்படுத்த வேண்டும். உலகம் முழுவதும் இந்த வாதம் பரவியது. வளரும் நாடுகளில் காடுகளையும் நீரையும் அரசு எடுத்துக்கொள்வதற்கு அது ஒரு நியாயமாகவும் பயன்பட்டது.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். ஹார்டின் சொல்வதற்கு எதிரான ஓர் உதாரணம் ஆஸ்ட்ரோமின் கையில் இருக்கிறது. தன் கண்ணால் பார்த்தது. நம்மில் பலர் என்ன செய்திருப்போம்? 'ஹார்டின் சொல்வது தவறு, இதோ என் கள ஆய்வு' என்று ஒரு கட்டுரை எழுதி முடித்திருப்போம். ஒரு விதிவிலக்கைக் காட்டுவதால் மட்டும் கோட்பாடு வந்துவிடாது. கலிபோர்னியாவில் நடந்தது ஏன் எல்லா இடத்திலும் நடக்கவில்லை? நடந்த இடங்களில் எதனால் நடந்தது? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு படுகை போதாது.

அதனால் அவர் பிறருடைய கள ஆய்வுகளைத் தேடிப் படிக்கத் தொடங்கினார். மானுடவியலாளர் மலைக்கிராமத்தைப் பற்றி எழுதியிருப்பார், வரலாற்றாசிரியர் வாய்க்காலைப் பற்றி, இன்னொருவர் மீன்பிடிப்பைப் பற்றி. ஒருவர் எழுதியதை மற்றவர் படித்ததில்லை. இண்டியானா பல்கலைக்கழகத்தில் ஆஸ்ட்ரோமும் அவர் கணவர் வின்சென்ட்டும் 1973இல் தொடங்கிய பயிலகத்தில் இந்த ஆய்வுகளைச் சேர்த்து, ஒரே மாதிரியான கேள்விகளை எல்லாவற்றிடமும் கேட்டார்கள். யார் உள்ளே, யார் வெளியே? எவ்வளவு எடுக்கலாம்? யார் பார்த்துக்கொள்கிறார்கள்? மீறினால் என்ன?

சில இடங்களைச் சொல்கிறேன். சுவிட்சர்லாந்தில் டோர்பெல் என்ற மலைக்கிராமம். குளிர்காலத்தில் உன் தொழுவத்தில் எத்தனை மாட்டுக்குத் தீனி போட முடியுமோ அத்தனையைத்தான் கோடையில் பொது மேய்ச்சலுக்கு அனுப்பலாம் என்று 1517இலேயே அங்கே விதி எழுதியிருக்கிறார்கள். மீறுபவருக்குத் தண்டம் போடும் ஊர் அதிகாரி அதில் பாதியைத் தானே வைத்துக்கொள்ளலாம். இதே மக்கள் தங்கள் தோட்டத்தையும் திராட்சைக் கொடியையும் தனியுடைமையாகத்தான் வைத்திருந்தார்கள். தனியுடைமை தெரியாததால் பொதுவில் வைத்திருந்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

ஸ்பெயினில் வலென்சியா. வாய்க்கால் பாசனத் தகராறுகளைத் தீர்க்கும் நீர் நீதிமன்றம் வியாழக்கிழமைதோறும் அந்நகரின் தேவாலய வாசலில் கூடுகிறது. வழக்கறிஞர் இல்லை, விசாரணை எல்லாம் வாய்மொழிதான். நூற்றாண்டுகளாக நடந்துவரும் வழக்கம் இது.

பிலிப்பைன்ஸின் இலோகோஸ் பகுதியில் பாசனச் சங்கங்கள் உண்டு. அங்கே ஓர் உறுப்பினரின் பங்கு ஒரே இடத்தில் இருக்காது. தலைமடையில் ஒரு துண்டு, நடுவில் ஒரு துண்டு, கடைமடையில் ஒரு துண்டு. தண்ணீர் குறைந்தால் எல்லோருக்கும் குறையும். தலைமடைக்காரர், கடைமடைக்காரர் என்ற பிரிவே அங்கே உருவாக முடியாது. காவிரியில் இந்தப் பிரிவு எவ்வளவு பெரிய சண்டை என்று தெரிந்த நமக்கு இது எவ்வளவு அழகான ஏற்பாடு என்று உடனே விளங்கும்.

துருக்கியில் அலன்யா என்ற கடலோர ஊர். சுமார் நூறு மீனவர்கள். நல்ல இடத்தைப் பிடிப்பதற்காக 1970களின் தொடக்கத்தில் அடிதடி நடந்த ஊர். பல ஆண்டுகள் பல ஏற்பாடுகளைச் செய்து பார்த்து ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். வலை விரிக்கும் இடங்களுக்கெல்லாம் பெயர் வைத்துப் பட்டியல் எழுதினார்கள். செப்டம்பரில் சீட்டுக் குலுக்கி ஆளுக்கு ஓர் இடம். அன்றிலிருந்து ஜனவரி வரை ஒவ்வொருவரும் நாளுக்கு ஓர் இடமாகக் கிழக்கே நகர வேண்டும், ஜனவரிக்குப் பிறகு மேற்கே. மீன் கூட்டம் நகரும் திசையை வைத்துச் செய்த ஏற்பாடு இது. எல்லோருக்கும் எல்லா இடமும் கிடைக்கும். காவலுக்கு ஆளே வேண்டாம். ஏன் தெரியுமா? நல்ல இடம் யாருடைய முறையோ அவர் விடிவதற்குள் அங்கே வந்துவிடுவார். வேறொருவர் திருட்டுத்தனமாக வலை போட்டால் அவரே பிடித்துவிடுவார். முறையை வகுத்த விதத்திலேயே காவலும் சேர்ந்து வந்துவிட்டது.

சரி, இப்போது இவற்றை அருகருகே வைத்துப் பாருங்கள். மேய்ச்சலுக்குத் தொழுவத்தின் அளவு. மீனுக்குச் சீட்டு. நீருக்கு எங்கோ முறை, எங்கோ பங்கு. ஓர் ஊரில் தண்டம் கடுமை, இன்னோர் ஊரில் சொற்பம். எந்த விதி இருந்தால் பொதுவளம் பிழைக்கும் என்று ஆஸ்ட்ரோம் பல காலம் தேடினார். புள்ளியியல் முறையிலும் முயன்றார். கிடைக்கவில்லை. வெற்றிபெற்ற இடங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான விதி என்று ஒன்றுமே இல்லை. அந்த எண்ணத்தையே கைவிட வேண்டியிருந்தது என்று நோபல் உரையில் அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையில் மிக முக்கியமான இடம் இதுதான். இத்தனை தரவு சேர்த்து ஒத்துப்போகவில்லை என்றால் மனம் சோர்ந்துவிடும். 'ஒவ்வோர் ஊரும் ஒவ்வொரு மாதிரி, பொதுவாக ஒன்றும் சொல்ல முடியாது' என்று எழுதி முடித்துவிடலாம். பல ஆய்வேடுகள் அப்படித்தான் முடிகின்றன. அல்லது ஒத்துவராத ஊர்களை ஓசைப்படாமல் விட்டுவிடலாம். அவர் இரண்டையும் செய்யவில்லை. கேள்வியை ஒரு படி மேலே தூக்கினார். எந்த விதி என்று கேட்பதை விட்டு, இந்த விதிகள் எல்லாம் எந்த வேலையைச் செய்கின்றன என்று கேட்டார்.

உடனே ஒழுங்கு தெரிய ஆரம்பித்தது. யாருக்கு உரிமை என்பது எல்லா இடத்திலும் தெளிவாக இருந்தது. தெளிவாக்கிய வழிதான் வேறு. விதிகள் அந்த இடத்து மண்ணுக்கும் நீருக்கும் பொருந்தின. விதிக்குக் கட்டுப்படுபவர்களுக்கு அதை மாற்றுவதில் குரல் இருந்தது. கண்காணிப்பவர் பயனாளியாகவோ பயனாளிகளுக்குப் பதில் சொல்பவராகவோ இருந்தார். முதல் தவறுக்குச் சின்னத் தண்டனை, போகப்போகப் பெரிது. இப்படி எட்டு நெறிகளை 1990இல் வெளிவந்த நூலில் எழுதினார்.

அதோடு விடவில்லை. நீண்டகாலம் நிலைத்த இடங்களில் இவை இருந்தன என்று காட்டினால் மட்டும் போதுமா? அழிந்த இடங்களிலும் இவை இருந்திருந்தால்? அதனால் தோற்ற இடங்களையும் அதே நூலில் ஓர் அத்தியாயமாக வைத்தார். அலன்யாவின் அதே துருக்கியில் போட்ரும், இஸ்மிர் விரிகுடா. இலங்கையின் தென்கரையில் மாவெல்ல என்ற மீனவ ஊர். கரையிலிருந்து இழுக்கும் கரைவலையை யார் எந்த நாளில் போடுவது என்று அங்கே அழகான முறை ஏற்பாடு இருந்தது. ஆனால் வலைகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த முடியவில்லை. கட்டுப்படுத்தச் சட்டம் இருந்தும் அரசியல் செல்வாக்கு குறுக்கே வந்தது. முறை வரும் நாட்கள் குறைந்துகொண்டே போய் ஒவ்வொருவர் வருமானமும் கரைந்தது. முறை மட்டும் இருந்து எல்லை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். உங்கள் ஆய்வில் தோற்றுப்போன கிராமம் ஒன்றாவது இருக்கிறதா என்று நான் கேட்பது இதனால்தான்.

அடுத்து நேபாளம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆஸ்ட்ரோமும் உடன் உழைத்தவர்களும் அங்கே 200க்கு மேற்பட்ட பாசன அமைப்புகளின் விவரங்களைச் சேர்த்தார்கள். சில அரசு நடத்துபவை, பெரும்பாலானவை விவசாயிகளே நடத்துபவை. அரசு நடத்துபவற்றில் ஆற்றுநீரை வாய்க்காலுக்குத் திருப்பும் வாய்த்தலை, பொறியாளர் கட்டியதாக, நிரந்தரமாக இருந்தது. விவசாயிகள் நடத்துபவற்றில் பலவற்றுக்குக் கல்லும் மண்ணும் மரக்கிளையும் கொண்ட தடுப்புதான். வெள்ளம் வந்தால் அடித்துக்கொண்டு போகும், மறுபடி கட்ட வேண்டும். ஆனால் கடைமடைக்குத் தண்ணீர் நன்றாகப் போய்ச் சேர்ந்தது இந்த இரண்டாம் வகையில்தான்.

இது எப்படி? விவசாயிகள் நல்லவர்கள், அரசு கெட்டது என்று சொல்லிவிடுவது எளிது. அது விளக்கம் ஆகாது. அவர்கள் கண்ட காரணம் வேறு. மண் தடுப்பு ஆண்டுதோறும் உடையும்போது அதைக் கட்டத் தலைமடைக்காரர்களின் உழைப்பு மட்டும் போதாது. கடைமடைக்காரர்களும் மண்வெட்டி எடுத்து வந்தால்தான் முடியும். தண்ணீர் தராவிட்டால் அவர்கள் ஏன் வருவார்கள்? ஆகவே தலைமடைக்காரர்கள் தண்ணீரை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். சிமெண்ட் வாய்த்தலை வந்ததும் அந்த உழைப்பு தேவையில்லாமல் போயிற்று. கடைமடைக்காரர்களின் பேரம் பேசும் பலமும் அதோடு போயிற்று. கட்டுமானம் மேம்பட்டது, பங்கீடு கெட்டது.

பாருங்கள், எட்டு நெறிகள் 'என்ன' என்று சொன்னன. இது 'எதனால்' என்று சொல்கிறது. வெறும் தொடர்பைக் கண்டுபிடிப்பதற்கும் கோட்பாடு கட்டுவதற்கும் உள்ள தூரம் இவ்வளவுதான். ஆனால் அந்தத் தூரத்தை மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு எந்த நாளில் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று கேட்டு எழுதியவரால்தான் கடக்க முடியும்.

இந்தக் கோட்பாடு குறையில்லாதது என்று நான் சொல்ல வரவில்லை. நம் மண்ணிலிருந்தே அதற்கு ஒரு பெரிய கேள்வி எழுந்தது. டேவிட் மாஸ் என்ற மானுடவியலாளர் பழைய ராமநாதபுரம் சீமையின் கண்மாய்களை நெடுங்காலம் ஆய்ந்தவர். கண்மாய் நிர்வாகத்தைக் கூட்டுறவு என்று மட்டும் பார்க்க முடியாது, அதில் சாதி வரிசையும் கோயில் மரியாதையும் பழைய அரசுகளின் அதிகாரமும் பின்னிக் கிடக்கின்றன என்று அவர் காட்டினார். மடையைத் திறந்து வயலுக்கு வயல் நீர் பாய்ச்சும் நீர்பாய்ச்சி பல ஊர்களில் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர். முடிவெடுத்தவர்கள் வேறு. 'விதிக்குக் கட்டுப்படுபவர்களுக்கு அதை மாற்றுவதில் குரல் உண்டு' என்ற நெறியை இந்தக் கண்மாய்க் கரையில் நின்று ஒருமுறை படித்துப் பாருங்கள். யாருடைய குரல்? ஊர் என்று சொல்லும்போது சேரியும் அதில் சேர்த்தியா? நீண்டகாலம் நிலைத்தது என்பதாலேயே ஓர் ஏற்பாடு நல்லது ஆகிவிடுமா? இந்தக் கேள்விகள் எனக்கு மிக நெருக்கமானவை. ஊரார் கூடிக் கண்மாயைச் செப்பனிட்ட பழைய குடிமராமத்தை நினைத்து உருகும்போதெல்லாம் இவற்றை நாம் மறந்துவிடுகிறோம்.

ஆஸ்ட்ரோமே தன் நெறிகளை யாரும் சர்வரோக நிவாரணி ஆக்கிவிடக் கூடாது என்று கடைசிவரை எச்சரித்தார். 2010இல் மூன்று ஆய்வாளர்கள் அதுவரை வந்த 91 ஆய்வுகளை எடுத்து எட்டு நெறிகளையும் சோதித்தார்கள். பெரும்பாலும் நின்றன. ஆனால் சில நெறிகள் இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாகக் கட்டிவைத்திருந்தன. உதாரணமாக, ஆட்களின் எல்லை வேறு, வளத்தின் எல்லை வேறு. யார் மீன் பிடிக்கலாம் என்று சொல்லிவிடலாம், கடலுக்கு எங்கே வேலி போடுவது? பிரித்து எழுதியதில் எட்டு பதினொன்று ஆயிற்று. ஆஸ்ட்ரோம் அப்போது உயிரோடுதான் இருந்தார்; 2012இல்தான் மறைந்தார்.

உங்களில் சிலர் ஆழ்துளைக் கிணறு வந்த பிறகு கண்மாய்ப் பாசனம் என்ன ஆயிற்று என்று ஆய்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். நேபாளத்துக் கதையை அங்கே கொண்டுபோய்ப் பாருங்கள். சொந்தக் கிணறு வைத்திருப்பவருக்கு மடை திறக்கும் நாளில் யாருடைய உழைப்பும் தேவையில்லை, வாய்க்கால் தூர் வார அவர் வரவேண்டிய அவசியமும் இல்லை. சிமெண்ட் வாய்த்தலை செய்ததையே மோட்டார் செய்கிறதா, அல்லது இங்கே வேறு ஏதோ நடக்கிறதா? நீர்பாய்ச்சியின் குடும்பம் இப்போது என்ன வேலை செய்கிறது? எனக்குப் பதில் தெரியாது. உங்கள் களக்குறிப்பில் இருக்கலாம். தேநீருக்குப் பிறகு அதைப் பற்றிப் பேசுவோம், அந்த நோட்டுகளையும் எடுத்து வாருங்கள்.