தங்கம் கிடைத்தது, தண்ணீர் கிடைக்கவில்லை: பாலைவன ரயிலடி லட்லோவின் கதை

[காட்சி: கலிபோர்னியா வரைபடம். பார்ஸ்டோவிலிருந்து கிழக்கே ஒரு கோடு நகர்கிறது.]

வணக்கம். அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில், பார்ஸ்டோவுக்குக் கிழக்கே சுமார் 80 கிலோமீட்டரில் இருக்கிறது லட்லோ. 1880-களின் தொடக்கத்தில் தண்டவாளம் போட்டபோது முளைத்த ஊர். ஆறு கிடையாது, வயல் கிடையாது. ரயிலை நம்பித்தான் பிழைப்பு.

நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் இல்லாமல் ஆகாது. லட்லோவில் அது ஏது? மேற்கே நியூபெரியில் நல்ல ஊற்று இருந்தது. அங்கே டேங்கர் வேகன்களை நிரப்பி, ரயிலிலேயே இழுத்து வந்தார்கள். எஞ்சின் கொதிகலனுக்கும் அதுதான், வீட்டில் சோறு பொங்கவும் அதுதான்.

[காட்சி: தெற்கே வறண்ட குன்றுகள்.]

1890-களின் கடைசியில் ஜான் சூட்டர் என்ற ரயில்வே மேற்பார்வையாளர் இந்தக் குன்றுகளில் தண்ணீர் தேடிப் போனார். கண்ணில் பட்டது தங்கத் தாது! பாக்தாத்-சேஸ் சுரங்கம் பிறந்தது அப்படித்தான். ஸ்டெட்மன் என்ற சுரங்க ஊர் எழுந்தது. 1903-இல் அங்கிருந்து லட்லோவுக்குத் தனி ரயில் பாதையே போட்டார்கள். ஆனால் தாதுவை அரைத்துத் தங்கம் பிரிக்கவும் தண்ணீர் வேண்டுமே! அதனால் கல்லையெல்லாம் வண்டியேற்றி, பார்ஸ்டோ பக்கம் இருந்த ஆலைக்கு அனுப்ப வேண்டியிருந்தது.

அப்புறம் வெண்காரம், அதாவது சலவைத்தூளிலும் கண்ணாடியிலும் சேரும் போராக்ஸ் உப்பு. மரணப் பள்ளத்தாக்குப் பகுதியில் சுரங்கம் வைத்திருந்த ஃபிரான்சிஸ் ஸ்மித், சரக்கை வெளியே கொண்டுவர 1905-இல் லட்லோவிலிருந்து வடக்கே பாதை போடத் தொடங்கினார். பெயர் டோனோபா அண்ட் டைட்வாட்டர். அமர்கோசா பள்ளத்தாக்கில் மலைச்சரிவை வெட்டி, ஓடைக்குப் பாலம் கட்டி முன்னேற வேண்டியிருந்தது. அந்த வெயிலில் கூலியாட்கள் நிலைக்கவில்லை. வருவதும் போவதுமாக இருந்தார்கள். பாதையைப் பற்றிப் பேசும்போது ஸ்மித்தின் பெயர்தான் அடிபடுகிறது. அந்த ஆட்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். 1907-இல் பாதை நெவாடாவைத் தொட்டது. லட்லோ சந்திப்பு நிலையமானது. கடை, விடுதி எல்லாம் களைகட்டின.

வெண்காரச் சுரங்கம் 1920-களின் கடைசியில் வேறு இடத்துக்கு மாறியதும் சரக்கு வற்றியது. 1940-இல் டோனோபா ரயில் நின்றது. உலகப்போர்க் காலத்தில் அதன் தண்டவாளத்தையே பெயர்த்து எடுத்துவிட்டார்கள். பிறகு பழைய பிரதான ரயில் பாதையில் டீசல் எஞ்சின் வந்தது. தண்ணீருக்காக நிற்க வேண்டிய தேவையும் போனது. 66-ஆம் எண் நெடுஞ்சாலைப் பயணிகள் கொஞ்ச காலம் ஊரைத் தாங்கினார்கள். 1970-களில் அதிவேகச் சாலை வந்ததும் அதுவும் குறைந்தது.

இன்று பெட்ரோல் பங்க்கும் உணவகமும் இருக்கின்றன. செயற்கைக்கோள் வரைபடத்தில் லட்லோவைத் தேடி, வடக்கே பிராட்வெல் வறண்ட ஏரி வரை பாருங்கள். தண்டவாளம் போன பழைய தடம் இன்னும் அங்கங்கே தெரியும்.