ரசனையா, ரசீதா? – பட்டிமன்ற உரை

நடுவர் ஐயாவுக்கும் அரங்கத்துக்கும் வணக்கம். நேரம் குறைவு, நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

இசையைக் காசு கொடுத்து வாங்கிக் கேட்கிற ரசிகரின் கருத்துக்கு மதிப்பு அதிகமா? அதிகம்தான் என்பது எங்கள் அணி. காது கொடுத்தால் போதும், காசு எதற்கு என்பது எதிரணி. எதிரணித் தலைவர் அண்ணன் முடிக்கும்போது ஒரு வரி சொன்னார், நினைவிருக்கிறதா? "ரசிகனுக்கு ரசனை வேண்டுமா, ரசீது வேண்டுமா? கருத்துச் சொல்ல வாயைத் திறந்தால் முதலில் பில்லைக் காட்டு என்பீர்களா?" நீங்கள் அத்தனை பேரும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், நல்ல வரி அது. ஆனால் உட்கார்ந்த பிறகு அந்த வரி என்னை விடவில்லை. எழுதிக்கொண்டு வந்த குறிப்பில் பாதியை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். ரசீதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

எனக்கு அப்போது பதினைந்து வயது. வானொலியில் ஒரு பாட்டு அடிக்கடி வரும். அதன் ஆரம்பத்தை அறிவிப்பாளர் பேசியே முடித்துவிடுவார், கடைசியை விளம்பரம் வந்து விழுங்கிவிடும், நடுவில் கிடைக்கிற இரண்டரை நிமிடம்தான் எனக்கு. அந்தப் பாட்டை முழுசாகக் கேட்க வேண்டும் என்று ஒரு வெறி. ஆல்பத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் பாதி அரங்கம் பாட்டுக்குள் போய்விடும், நான் இங்கே தனியாக நின்றுகொண்டிருப்பேன். மாதக் கடைசியில் அப்பாவிடம் போய்க் கேட்டேன். எங்கள் அப்பா பாட்டுக் கேட்கிற ஆளே இல்லை. "சத்தத்தைக் குறை" என்பது மட்டும்தான் இசையைப் பற்றி அதுவரை அவர் சொன்ன விமர்சனம். அவர் பர்ஸை எடுத்தார். எண்ணினார். எண்ணியதை உள்ளே வைத்துவிட்டு, திரும்ப எடுத்து இன்னொரு தடவை எண்ணினார். அப்புறம் "வா, நானும் வரேன்" என்று செருப்பை மாட்டினார்.

வாங்கியாகிவிட்டது. வீட்டுக்கு ஓடிவந்து சிடியைப் போட்டேன். முதல் பாட்டு, நான் கேட்ட அதே பாட்டு, முழுசாக! துள்ளல் என்றால் அப்படி ஒரு துள்ளல். இரண்டாவது பாட்டு வந்தது. இதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மூன்றாவது இழுத்துக்கொண்டு போனது. நாலாவதில் தாளமே கிடையாது, ஒரு பெண் குரல், கூட ஒரே ஒரு வாத்தியம், இரண்டும் யாரோ வரட்டும் என்று காத்திருக்கிற மாதிரி மெதுவாக. மொத்தம் பத்துப் பாட்டு, ஒன்பது எனக்குப் பிடிக்கவில்லை. அழுகை வந்துவிட்டது.

ராத்திரி அப்பா கேட்டார், "எப்படிம்மா இருக்கு?" நல்லா இருக்குப்பா என்றேன். மறுநாளும் கேட்டார். மறுநாளும் நல்லா இருக்குப்பா. இப்போது சொல்லுங்கள், அந்த சிடியை நான் மூலையில் தூக்கிப் போட முடியுமா? பர்ஸிலிருந்து இரண்டு தடவை எண்ணி எடுத்த காசு அது. பொய் சொன்ன குற்ற உணர்ச்சியிலேயே திரும்பத் திரும்பப் போட்டேன்.

இதற்குள் என் தோழி ஒருத்தி கேட்டாள் என்று வெறும் சிடியில் ஒரு காப்பி போட்டுக் கொடுத்திருந்தேன். அவள் சின்ன வயதிலிருந்து முறையாகப் பாட்டுக் கற்றவள். ஒரு ஸ்வரம் நூலளவு விலகினாலும் கண்டுபிடித்துவிடுவாள். எதிரணி சொல்கிற "காது" இருக்கிறதே, அது அவளிடம்தான் இருந்தது. மறுநாளே வந்து தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: "முதல் பாட்டுதான்டி தேறும், மத்ததெல்லாம் வேஸ்ட்." எத்தனை தடவை கேட்டாய் என்றேன். "ஒரு தடவை. நாலாவதைத் தாண்டிவிட்டுட்டேன், யாரு உட்கார்ந்து கேக்கறது?"

நடுவர் ஐயா, அந்த நாலாவது பாட்டைக் கொஞ்சம் குறித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அது எட்டாவது தடவை. மேஜையில் கணக்கு நோட்டு, கையில் பென்சில், பின்னால் சிடி ஓடுகிறது. நாலாவது பாட்டு வருகிறது. அந்தப் பெண் இழுத்து இழுத்துப் பாடுகிறாள். திடீரென்று பென்சில் நின்றுவிட்டது. இந்த மெட்டு எனக்குத் தெரியுமே! எங்கேயோ கேட்டிருக்கிறேனே! எழுந்து போய் முதல் பாட்டைப் போட்டேன். நாலாவதைப் போட்டேன். திரும்ப முதல். திரும்ப நாலு. அதே மெட்டு, ஐயா! வானொலியில் துள்ளிக் குதித்த அதே மெட்டைத்தான் கால்வாசி வேகத்தில், வேறு சொற்களில், தாளத்தைக் கழற்றிவிட்டு அந்தப் பெண் பாடிக்கொண்டிருக்கிறாள். எந்தப் பாட்டுக்காக நான் அந்த ஆல்பத்தை வாங்கினேனோ, அதையே ஏழு தடவை பிடிக்கவில்லை என்று சொல்லியிருக்கிறேன். அது தெரிந்த பிறகு இரண்டும் மூன்றும்கூட எனக்கு வேறு மாதிரி கேட்க ஆரம்பித்தன.

தோழியைக் கூட்டிவந்து உட்காரவைத்துப் போட்டுக் காட்டினேன். முதல், நாலு, முதல், நாலு. அவள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் சொன்னாள், "எனக்கு எப்படிடி இது விழாமப் போச்சு?" அவளுக்குக் காது இல்லாமலா விழவில்லை? காப்பி சிடி போனால் போகட்டும் என்கிற அலட்சியம்தான் காரணம். அந்த ஆல்பத்தைப் பற்றி அன்று எங்கள் இரண்டு பேருக்குமே ஒரு கருத்து இருந்தது. கற்றவள் கருத்து ஒரு தடவைக் கருத்து. ஸ்வரம் தெரியாத என் கருத்து எட்டுத் தடவைக் கருத்து. அந்த மீதி ஏழு தடவையை எனக்கு வாங்கிக் கொடுத்தது எங்கள் அப்பாவின் காசு.

காசு கொடுத்தால் காது வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. காசு கொடுத்தவர் பாதியில் எழுந்து போகமாட்டார் என்றுதான் சொல்கிறேன். இன்று ஸ்பாட்டிஃபை என்கிற இணையப் பாட்டுச் சேவையில் ஒரு பாட்டு 30 விநாடி ஓடினாலே ஒருவர் கேட்டதாகக் கணக்கு. அந்த 30 விநாடிக்குள் விரல் அடுத்த பாட்டுக்குப் போய்விடுமோ என்ற பயத்திலேயே இசை போடுகிறவர்கள் முன்னிசையைச் சுருக்குகிறார்கள், பல்லவியைத் தூக்கி முன்னால் வைக்கிறார்கள். பொறுமையில்லாத ரசிகரின் கருத்து பாட்டையே வெட்டுகிறது, ஐயா. என் நாலாவது பாட்டை இன்று யார் எட்டுத் தடவை ஓடவிடுவார்கள்?

எதிரணி அண்ணன் உடனே எழுந்திருப்பார், அதற்கும் இன்று சந்தா கட்டித்தானே கேட்கிறார்கள், அப்படியானால் எல்லோரும் காசு கொடுத்தவர்கள்தானே என்பார். அந்தச் சந்தாப் பணம் எங்கே போகிறது என்று பாருங்கள். பெரும்பாலான சேவைகளில் எல்லோருடைய பணமும் ஒரே பானையில் விழும், பிறகு மொத்த ஓட்டத்தில் யாருக்கு எத்தனை பங்கு என்று பிரியும். நீங்கள் மாதம் முழுக்க ஒரே ஒரு பாடகியை மட்டும் கேட்டாலும், உங்கள் பணத்தில் பெரும்பகுதி நீங்கள் கேட்டே இராதவர்களுக்குப் போகும். 2024இலிருந்து ஸ்பாட்டிஃபையில் முந்தைய 12 மாதத்தில் 1,000 தடவையாவது ஓடாத பாட்டுக்கு அந்தப் பங்கும் கிடையாது. அவரவர் பணம் அவரவர் கேட்ட கலைஞருக்கே போகட்டும் என்று 2021இல் சவுண்ட்கிளவுட் என்கிற இன்னொரு சேவை ஒரு முறையைக் கொண்டுவந்தது, ஆனால் அதுவே வழக்கமாகிவிடவில்லை. சந்தா என்பது குழாய்க்குக் கட்டுகிற பணம். நான் சொல்வது, இந்தப் பாட்டுக்காக, இந்தக் குரலுக்காக என்று தேர்ந்தெடுத்துக் கொடுக்கிற காசை.

அப்படிக் கொடுத்தால் என்ன ஆகும்? மரிலியன் என்று இங்கிலாந்தில் ஒரு ராக் குழு. 1997இல் அமெரிக்காவுக்கு வந்து பாடக் கையில் பணம் இல்லை என்று சொன்னார்கள். ரசிகர்கள் தாங்களாகவே இணையத்தில் கூடி 60,000 டாலர் திரட்டிக் கொடுத்தார்கள், குழு போய்ப் பாடிவிட்டு வந்தது. அதோடு நிற்கவில்லை. அடுத்து ஒரு ஆல்பத்துக்கு, பதிவு செய்வதற்கு முன்னாலேயே முன்பணம் கட்டுவீர்களா என்று அந்தக் குழுவே ரசிகர்களைக் கேட்டது, 12,000 பேருக்கு மேல் கட்டினார்கள். 2001இல் ஆல்பம் வந்தது. நீங்கள் வரவேண்டும், நீங்கள் பாடவேண்டும் என்பது எல்லா ரசிகர்களுக்கும் உள்ள கருத்துதான். இவர்கள் கருத்துக்கு மட்டும் ஒரு குழு பெட்டியைக் கட்டிக்கொண்டு கடல் தாண்டிப் போயிற்று.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய தம்பி கிரேட்ஃபுல் டெட் என்கிற அமெரிக்க ராக் குழுவைச் சொன்னார். அவர்கள் கச்சேரியை ரசிகர்கள் இலவசமாகப் பதிவு செய்து ஊரெல்லாம் பரப்பினார்கள், அந்த ரசிகர்களை விடவா பெரிய ரசிகர்கள் என்று கேட்டார். அருமையான உதாரணம் தம்பி, மீதியையும் சொல்லியிருக்கலாம். 1984இல் அந்தக் குழு பதிவு செய்கிறவர்களுக்கென்று அரங்கில் தனி இடமே ஒதுக்கியது. அந்த இடத்துக்குத் தனி நுழைவுச்சீட்டு. சீட்டு வாங்கி, கருவி வாங்கி, ஒலிவாங்கியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் பின்னாலேயே போனவர்கள் அவர்கள். பரிமாறிக்கொண்ட கேசட்டுக்குத்தான் விலை இல்லை. எந்த ராத்திரி கச்சேரி நன்றாக இருந்தது, எது சுமார் என்று அவர்கள் சொன்னால் மற்ற ரசிகர்கள் வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள்.

சரி, காசு இல்லாதவர் கருத்துக்கு மதிப்பே இல்லையா? இதுதான் இந்த மேடையில் எங்களைச் சுடுகிற கேள்வி, அதை நான் தாண்டிப்போக விரும்பவில்லை. பதில் நம்மிடமே இருக்கிறது. புறநானூற்றில் 208ஆம் பாட்டு. பெருஞ்சித்திரனார் அதியமானைப் பார்க்கப் போகிறார். அவன் இவரைப் பார்க்காமலேயே, பாடியதைக் கேட்காமலேயே பரிசிலைக் கொடுத்தனுப்புகிறான். புலவருக்குக் கோபம் வந்துவிட்டது. காணாமல் கொடுத்த இந்தப் பொருளை வாங்கிப் போக நான் வாணிகப் பரிசிலன் இல்லை, பாட்டை விற்றுப் பொருள் வாங்குகிற வியாபாரி இல்லை என்கிறார். இங்கே நிறுத்தினால் எதிரணி ஜெயித்துவிடும். ஆனால் அவர் நிறுத்தவில்லை. தினையளவு கொடுத்தாலும் சரி, என் தகுதியை அறிந்து கொடு, அதுவே இனிது என்று முடிக்கிறார். கொடுக்கவே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லையே ஐயா! உட்கார்ந்து கேள், அளவு தெரிந்துகொள், அப்புறம் தினையளவு கொடு. கோடி கொடுத்துவிட்டுக் கேட்காதவரை அவர் திருப்பி அனுப்பினார். தினையளவு கொடுத்துக் கேட்டவருக்காகக் காத்திருந்தார்.

எங்கள் அப்பா தினையளவுகூட இசை தெரியாதவர். எட்டாவது தடவைக்குப் பிறகு ஒருநாள் நான் உண்மையைச் சொல்லிவிட்டேன், முதலில் பிடிக்கவில்லை என்று பொய் இல்லாமல் எல்லாவற்றையும். அவர் கோபப்படவில்லை. "எங்கே, போடு. நம்ம காசு என்ன பாடுதுன்னு பார்ப்போம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முதுகு நிமிர்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, பத்துப் பாட்டும். நடுவில் எழுந்திருக்கவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. முடிந்ததும் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "நாலாவதுல அந்தப் பொண்ணு பாடறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு இழுக்குதே, அதை ஏன் அழிக்காம விட்டாங்க?"

எட்டுத் தடவை கேட்ட எனக்கு அது விழவில்லை. பாட்டுக் கற்ற தோழிக்கும் விழவில்லை. போட்டுப் பார்த்தேன். இருந்தது. முதல் சொல்லுக்கு முன்னால், சின்னதாக, கொஞ்சம் நடுங்குகிற ஒரு மூச்சு.

அப்பா இப்போது இல்லை. இந்தத் தலைப்பைக் கொடுத்தபோது வீட்டில் அந்த சிடியைத் தேடி எடுத்தேன், பல வருடம் கழித்து. பெட்டியைத் திறந்தால் உள்ளே அட்டைக்குப் பின்னால் ஒரு சின்னக் காகிதம், நான் வைத்தது இல்லை. கடையில் அன்று கொடுத்த ரசீது. அந்தக் காகிதத்தில் அச்சு நிற்காது, உங்களுக்குத் தெரியும், தேதி, தொகை எல்லாம் மறைந்து வெறும் வெள்ளையாகிவிட்டது. திருப்பினேன். பின்பக்கம் நீலப் பேனாவில் அப்பாவின் கையெழுத்து. "4 – மூச்சு. இன்னொரு தடவை கேட்கணும்."

கேட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. நான் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் கேட்டிருக்கலாம்.

ரசீதைக் காட்டு என்றீர்கள் அண்ணே. இந்தாருங்கள். பின்பக்கத்தைப் படியுங்கள். படித்துவிட்டு மறக்காமல் என் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.