மேடான் ட்ரிப்பும் காணாமப் போன ஸ்க்ரூவும்

வணக்கம் வணக்கம். எல்லாரும் பசியாறியாச்சா? முதல்ல இதைப் பாருங்க. இருங்க, கிட்ட கொண்டு வர்றேன். ஃபோகஸ் ஆக மாட்டேங்குது... ம், இப்பத் தெரியுதா? ஸ்க்ரூ. அரை இஞ்சிகூட இருக்காது. இன்னிக்குக் காலையில துணி போட்டேன், வாஷிங் மெஷினுக்குள்ள கடகட கடகடன்னு சத்தம். அம்மா அடுப்படியில இருந்து, "மெஷின் போச்சு, 900 வெள்ளி போச்சு"ன்னு ஒரே கூப்பாடு. நிப்பாட்டிப் பார்த்தா என் கறுப்பு ஜாக்கெட் பாக்கெட்ல இந்தப் புண்ணியவான் உட்கார்ந்திருக்கான்.

ஒன்பது நாளா தேடுறேன் இதை. பஸ் சீட்டுக்கு அடியில கையை விட்டுத் தேடினேன், ஹோட்டல் கட்டிலுக்கு அடியில டார்ச் அடிச்சுத் தேடினேன். இன்னிக்குத் தேங்காய்ப்பால் ரசம் வீடியோ போடுறேன்னு சொல்லியிருந்தேன், தெரியும். ரசம் அடுத்த வாரம். இன்னிக்கு இந்த ஸ்க்ரூதான்.

கதைக்கு வர்றேன். நான் நகராண்மைக் கழகத்துல லைசென்ஸ் கவுண்டர்ல இருக்கேன்னு பழைய ஆளுங்களுக்குத் தெரியும். எந்தக் கழகம்னு கேட்காதீங்க. ஈப்போவுக்கு வடக்க, மெயின் ரோட்டுல செம்பனை லாரி போயிட்டே இருக்கிற நம்ம பட்டணம், அவ்வளவு போதும். ஆபீஸ்ல இருந்து 14 பேர் இந்தோனேசியாவுல இருக்கிற மேடானுக்கு லாவாத்தான் சம்பில் பெலாஜார் போனோம். பார்த்துக்கிட்டே படிக்கிற பயணம். எங்க ஆபீஸ் காக், அதான் மலாய்க்கார அக்கா ஒருத்தங்க அதை "லாவாத்தான் சம்பில் மாக்கான்"னுதான் சொல்லுவாங்க, தின்னுக்கிட்டே பார்க்கிறது. 4 நாள், 3 ராத்திரி.

இப்போ பெட்டி. அந்தப் பெட்டியைப் பத்திச் சொல்லலேன்னா எனக்குத் தூக்கம் வராது.

வெளியூர் ஆபீசுக்குப் போனா கைவீசிக்கிட்டுப் போக முடியாதில்ல, நினைவுப் பரிசு கொடுக்கணும். கண்ணாடிப் பலகை, அதுல எங்க சின்னம், அதைத் தாங்க கனமான மரத்துல ஒரு ஸ்டாண்டு, எல்லாத்தையும் வைக்க வெல்வெட் போட்ட பெட்டி. மொத்தம் 3.2 கிலோ. "நீதாம்மா பொறுப்பான ஆளு"ன்னு சொல்லி எங்க பாஸ் என் தலையில கட்டிட்டாரு. பொறுப்பான ஆளுன்னு யாராச்சும் உங்களைச் சொன்னா ஓடிடுங்க, சொல்லிட்டேன்.

கண்ணாடிங்கிறதால லக்கேஜோட அனுப்ப முடியாது, கையில கொண்டு போகணும். கைச்சாமானுக்கு 7 கிலோதான். இதுக்குன்னே நான் 12 வெள்ளி 90 காசு கொடுத்து ஒரு கைத்தராசு வாங்கினேன். கொக்கி போட்டுத் தூக்கினா நம்பர் காட்டும், அந்த மாதிரி. வீட்டுல தூக்கிப் பார்த்தேன், 6.8. அடடா, 200 கிராம் மிச்சம்னு இன்னொரு சுடிதாரைச் சொருகலாமான்னுகூட யோசிச்சேன். நல்ல வேளை சொருகல. பினாங்கு ஏர்போர்ட் கவுண்டர்ல வைக்கிறேன், 7.9!

12 வெள்ளி 90 காசு! அந்தக் காசுக்கு ரெண்டு பேர் வாழையிலை சாப்பாடு சாப்பிட்டிருக்கலாம். சரி, ரெண்டு பேர் முடியாது, இப்ப விக்கிற விலைக்கு ஒரு ஆளு, மீனு இல்லாம.

கவுண்டர்ல இருந்த பொண்ணு, "கூடுதலுக்குக் காசு கட்டணும் காக்"குன்னு சொல்லுது. எவ்வளவுன்னு கேட்டேன். சொன்னிச்சு. நான் அந்தத் தொகையை இங்க சொல்ல மாட்டேன், அம்மா பக்கத்துலதான் இருக்காங்க. அங்கேயே தரையில உட்கார்ந்தேன். பெட்டியைத் திறந்தேன். நகவெட்டி இருக்கில்ல, அந்த அரம் மாதிரி நீட்டிக்கிட்டு இருக்குமே, அதால ரெண்டு ஸ்க்ரூவையும் கழட்டி, மரஸ்டாண்டை உருவி ஜாக்கெட்டுக்கு உள்பக்கம் வச்சு ஜிப் போட்டுட்டேன். போன் சார்ஜர் ஒரு பக்கம், பவர்பேங்க் ஒரு பக்கம். ஆறு மாசம் மாதிரி இருந்தேன். மறுபடி வச்சா 6.9. அந்தப் பொண்ணே கைதட்டிச்சு. ஒரு காசு கட்டல!

ஆங், என் மாங்காய் ஊறுகாய் எப்படிப் போச்சுன்னு கேட்பீங்க. ஊறுகாய் இல்லாம நான் எங்கேயும் போறதில்லைன்னு தெரியும்ல. கையில கொண்டு போனா பிடுங்கிடுவாங்க, அதனால காக்கோட பெரிய பெட்டியில அனுப்பிட்டேன். மூணு பிளாஸ்டிக் பை சுத்தி. அப்படியும் அவங்க தலையில கட்டுற துடோங் ஒண்ணுல மணம் ஏறிடுச்சு. அதுக்கு ஒரு டப்பா பீக்கா அம்போன் வாங்கிக் கொடுத்துச் சமாதானம் பண்ணினேன். பீக்கா அம்போன் தெரியாதா? மேடான் பேர் போன கேக், உள்ள தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கும். பேர்ல அம்போன் இருக்கே தவிர ஊரு மேடான்தான்.

பினாங்குல காலையில பத்து மணிக்கு ப்ளேன் ஏறினோம். மேடான் ஏர்போர்ட், கோலானாமுல இறங்கி மணி பார்த்தா பத்துகூட ஆகல. பறக்கிறது ஒரு மணி நேரத்துக்கும் கம்மி, அவங்க மணி நம்மளைவிட ஒரு மணி நேரம் பின்னாடி. நான் ஈப்போவுக்கு டாக்டர் பார்க்கப் போனாலே அரை நாள் போயிடுது. இங்க வெளிநாடே போயிட்டேன், நேரம் ஒண்ணும் செலவாகல.

பாஷை ஒண்ணுதானே, சமாளிச்சுக்கலாம்னு நினைச்சேன். சாப்பாட்டுக் கடையில உட்கார்ந்ததும் அந்தத் தம்பி, "மண்டி?"ன்னு கேட்டான். குளிக்கிறீங்களாவா? எனக்குச் சுர்ருன்னு வந்துச்சு. காலையில குளிச்சுட்டுத்தானே வந்தேன்! அப்புறம் கைட் சொல்றாரு, தே மானிஸ் டிங்கின், அந்த ஐஸ் இனிப்புத் தேத்தண்ணியைத்தான் மேடான்ல சுருக்கி மண்டிம்பாங்களாம். அதோட நம்ம ஊர்ல கெரெத்தான்னா காடி, அதான் கார். அங்க கெரெத்தான்னா மோட்டார் சைக்கிள், மோட்டார்னாதான் காடி. பாஜாக்னா சந்தை. "கெரெத்தா வருது, ஒதுங்குங்க"ன்னு கைட் கத்துறாரு, நான் காடியைத் தேடிக்கிட்டு நிக்கிறேன், மோட்டார் சைக்கிள் இடுப்பை உரசிட்டுப் போகுது.

ரெண்டாவது நாள்தான் ஆபீஸ் விசிட். ஒரு கெச்சமாத்தான் ஆபீஸ், மேடான் மாநகருக்குக் கீழ வர்ற வட்டார ஆபீஸ்னு வச்சுக்குங்க. அவங்க பேசினாங்க, நாங்க பேசினோம், திரும்ப அவங்க பேசினாங்க. ஸ்லைடு போட்டாங்க. நான் நோட்டுப் புத்தகத்துல எழுதினது தேதி மட்டும். ஏன்னா என் மனசெல்லாம் பெட்டியில இருக்கு. முந்தின ராத்திரி ஸ்டாண்டைத் திரும்ப மாட்டுறேன், ஒரு ஸ்க்ரூதான் இருக்கு!

ஒரு ஸ்க்ரூவுல கண்ணாடி நிக்கும். ஆனா சாயும். குடிகாரன் மாதிரி இடது பக்கமா. ஹோட்டல் கவுண்டர்ல போய் ஸ்க்ரூ இருக்கான்னு கேட்டேன், தையல் ஊசி கொடுத்தாங்க. காது குத்துற நேரமா அது? கடைசியில பரிசு மாத்துற நேரம் வந்தப்போ எங்க பாஸ் ஒரு பக்கம் பிடிச்சாரு, அவங்க தலைவர் ஒரு பக்கம், நான் பின்னால நின்னு ஒத்த விரலால முட்டுக் கொடுத்தேன். ஆபீஸ் பேஸ்புக்ல அந்தப் படம் இருக்கு. கண்ணாடிக்குப் பக்கத்துல வெண்டைக்காய் மாதிரி ஒண்ணு தெரியும், அது என் விரல். சிவப்பு நெயில் பாலிஷ்.

அவங்க என்ன கொடுத்தாங்க தெரியுமா? உலோஸ். பாத்தாக் மக்கள் நெய்யுற துணி, விருந்தாளிக்குத் தோள்ல போர்த்துவாங்க, நம்ம பொன்னாடை மாதிரியே. மடிச்சா ஹேண்ட்பேக்ல போயிடும். கண்ணாடி இல்ல, ஸ்டாண்டு இல்ல, ஸ்க்ரூ இல்ல. பார்த்துப் பார்த்து வயிறு எரிஞ்சுது.

சரி, மனசுக்குப் பிடிச்சதைச் சொல்லணும்ல. மத்தியானம் ஒரு பேங்க் சம்பாவுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. குப்பை பேங்க். பேரைக் கேட்டுட்டு எங்க ஆளுங்க பாதிப்பேர் பஸ்ஸை விட்டு இறங்கவே இல்ல, ஏர்கான்ல கரோக்கே பாடிக்கிட்டு இருந்தாங்க. இந்தோனேசியா டூர் பஸ்ல கரோக்கே வச்சவனை நான் மன்னிக்கவே மாட்டேன். இறங்கினவங்களுக்குத்தான் லாபம்.

ஒரு தகரக் கொட்டாய். மேலிருந்து தொங்குற தராசு. ஒரு இபு, நம்ம அம்மா வயசு, மூக்குக்கண்ணாடி போட்டுக்கிட்டு மேசையில உட்கார்ந்திருக்காங்க. அக்கம்பக்கத்துக்காரங்க வீட்டுக் குப்பையைப் பிரிச்சுக் கொண்டாந்து நிறுத்துக் கொடுக்கிறாங்க. பாட்டில் தனி, அட்டை தனி, டின் தனி, பொரிச்ச எண்ணெய்கூட வாங்குறாங்க. நிறுத்து, கிலோவுக்கு இவ்வளவுன்னு கணக்குப் போட்டு, பேங்க் புத்தகம் மாதிரி ஒரு புத்தகத்துல எழுதி வைக்கிறாங்க. காசு உடனே கையில இல்ல, சேருது. நோன்புப் பெருநாள் சமயத்துல எடுத்துக்கிறவங்க நிறைய. 2008-ல ஜோக்ஜா பக்கம் பந்துல்ல முதல்ல ஆரம்பிச்சது, இப்ப அந்த நாடு பூரா பரவிடுச்சு.

நான் தராசுக்குப் பக்கத்துலயே நின்னுட்டேன். ஏன் அந்தப் பாட்டிலுக்கு ஒரு விலை, இந்தப் பாட்டிலுக்கு ஒரு விலைன்னு கேட்டேன். இபு ஒண்ணும் சொல்லல, பாட்டிலைக் கையில எடுத்து மூடியைத் திருகிக் கழட்டி ஒரு கூடையில, லேபிளைக் கிழிச்சு ஒரு கூடையில, வெறும் பாட்டிலை மிதிச்சு நசுக்கி இன்னொரு சாக்குல போட்டாங்க. அப்புறம் விலைப் பலகையைக் காட்டினாங்க. சுத்தமா வந்தா விலை கூட. அவ்வளவுதான். பத்து செகண்டு. ஸ்லைடு வேணாம், மைக் வேணாம். நோட்டுப் புத்தகத்துல ரெண்டு பக்கம் எழுதினேன். தராசுல மட்டும் ஒரு வாரம் என்னை உட்கார வச்சிருந்தா நான் நிஜமாவே எதையாவது படிச்சுட்டு வந்திருப்பேன்.

நம்ம மலேசியாவுலயும் 2015 செப்டம்பர் 1-ல இருந்து குப்பையைப் பிரிக்கணும்னு சில மாநிலங்கள்ல கட்டாயமாக்கினாங்க. அப்போ நம்ம பேராக் அதுல இல்ல. நம்ம குடியிருப்புல பிரிக்கிறது யாரு? நாய்தான், ராத்திரியில.

அட, முதல் நாளைச் சொல்லாம விட்டுட்டேன்! கம்போங் மெட்ராஸ். மேடான்ல நம்ம ஆளுங்க இருந்த இடம். அங்க ஸ்ரீ மாரியம்மன் கோயில், 1884-ல கட்டினது. 1863-ல நியன்ஹைஸ்னு ஒரு டச்சுக்காரர் டெலிக்கு, மேடான் இருக்கிற அந்த வட்டாரத்துக்கு, வந்து புகையிலை போட்டாரு, சுருட்டுக்கு மேல சுத்துற இலை. அது பிடிச்சுக்கிட்டதும் தோட்டம் தோட்டமா வந்துச்சு, தமிழாளுங்களையும் இறக்கினாங்க, ரோடு போட, மாட்டு வண்டி ஓட்ட. எங்க தாத்தா இந்தப் பக்கம் ரப்பர் மரத்துல பால் வெட்டினாரு. கப்பல் கொஞ்சம் திரும்பியிருந்தா நானும் இப்போ மண்டி குடிச்சுக்கிட்டு இருந்திருப்பேன். கோயில் வாசல்ல பூ விக்கிற அம்மா "வாங்க"ன்னு தமிழ்ல கூப்பிட்டாங்க, விலையை இந்தோனேசிய பாஷையில சொன்னாங்க. 20,000-ம்னு கேட்டதும் நெஞ்சு அடைச்சுது. அப்புறம் கணக்குப் போட்டா நம்ம காசுக்கு ஏறக்குறைய 5 வெள்ளி. ஆனாலும் பூவுக்கு அது கூடதான்.

மைமூன் அரண்மனை மஞ்சளா அழகா இருக்கு, ராணி உடுப்பு வாடகைக்குப் போட்டுப் படம் எடுத்தேன், அது ஷார்ட்ஸ்ல வரும். அன்னை வேளாங்கண்ணி மாதா கோயில் ஒண்ணு இருக்கு, கோபுரம் வச்சு கட்டியிருக்காங்க, பஸ்ல இருந்தே கும்பிட்டேன்.

மூணாவது நாள் தோபா ஏரி. பஸ்ல கரோக்கே நாலு மணி நேரம், அதைப் பேச வேணாம். ஏரியைப் பார்த்ததும் எனக்கு வாய் அடைச்சுப் போச்சு. கடல்னே நினைச்சேன். நீளம் 100 கிலோமீட்டர், நடுவுல சாமோசிர்னு ஒரு தீவு. ஏறக்குறைய 74,000 வருசத்துக்கு முன்னாடி எரிமலை வெடிச்சு உண்டான பள்ளம். அந்தச் சாம்பல் எங்க வந்து விழுந்துச்சு தெரியுமா? நம்ம பேராக், லெங்கோங். அங்க கோத்தா தம்பான்ல மண்ணைத் தோண்டினா அந்தச் சாம்பல் இருக்கு. நான் பாஸ்கிட்ட, "பாஸ், பக்கத்து வீட்டுக் குப்பை நம்ம வாசல்ல, சம்மன் யாருக்கு அனுப்புறது?"ன்னு கேட்டேன். அந்த ஆளு நாலு நாள்ல சிரிச்சது அப்ப மட்டும்தான்.

வந்ததும் நான் செஞ்ச வேலை இதோ. இந்த மூணு சாக்கு. பாட்டில் தனி, மூடி தனி, லேபிள் தனி. பக்கத்து வீட்டு ஆன்ட்டி, எதிர் வீட்டு அண்ணன் எல்லாரும் கொடுக்கிறாங்க. புத்தகம் போட்டுட்டேன், பழைய ரசீதுப் புத்தகம்தான். தராசு? அதே தராசு! 12 வெள்ளி 90 காசைத் தூக்கிப் போட எனக்கு மனசு வருமா?

அங்கதான் அம்மா மாட்டிவிட்டாங்க. நேத்து 5 கிலோ அரிசிப் பையைத் தூக்கிக் கொக்கியில மாட்டினாங்க. 4.3 காட்டுது. "ஏண்டி, ஊரு சாமானை எடைக்குறைவா எழுதுறியா, கங்காணி பரம்பரையா நீ?"ன்னு ஒரே ஏச்சு. இப்போ ஒரு வாரக் கணக்கை முழுசா திருத்தி எழுதணும். எதிர் வீட்டு அண்ணனுக்கு வேற நேத்தே சொல்லிட்டேன், உங்க பாட்டில் 2 கிலோகூட வரலண்ணேன்னு. அந்த மனுசன் மூஞ்சி தொங்கிப் போச்சு.

ஸ்க்ரூவை என்ன பண்ணுறது? தபால்ல அனுப்பலாமா? தபால் செலவு...

இருங்க இருங்க. கேக்குதா? "சூராட் கபார் லாமா"... பழைய பேப்பர் லாரி வந்துட்டான்! பேப்பர் எடுப்பான், இரும்பு எடுப்பான், பாட்டில் எடுப்பானான்னு கேக்கணும். அம்மா, அந்தச் சாக்கைப் பிடிங்க! போனை யாராச்சும்... அண்ணே! அண்ணே, நில்லுங்க! உங்க லாரியில தராசு இருக்கா?